இறக்கை முக்கில் தடவிய பசை

கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த முதல் வருஷம், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடி, சண்டை எதுவும் கிடையாது. என் வீட்டுக்காரர் பேசமாட்டார், அவ்வளவுதான். நான் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் கோழிகூட வாய் ஓயாது. இவரோ கேட்டதற்கு ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’. கட்டின பெண்டாட்டியிடம் இதுவா பேச்சு? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் பனியன் துணி பின்னும் மெஷின்களுக்கு மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மெஷின் சத்தம் ஓய்ந்ததும் பால்சா என்கிற லேசான கட்டையில் குட்டி விமானம் செய்ய உட்கார்ந்துவிடுவார். லைன் வீட்டு ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மெல்ல மிதந்துகொண்டிருக்கும். பாயில் படுத்து அதையே பார்த்திருந்தால், வீடே தரையை விட்டுக் கிளம்பிவிட்டதுபோல இருக்கும். அந்தக் கிறக்கத்தில் கோபம்கூட மறந்துபோகும்.

இறக்கையும் உடம்பும் சேரும் முக்குதான் அவருக்குத் தலைவலி. வெறுமனே ஒட்டினால் தரையில் இறங்கும்போது பிய்ந்துவிடும். முக்கு நெடுகப் பசை வைத்து, கிண்ணத்தின் உள்வளைவுபோல இழுத்துவிட வேண்டும். அவர் விரல்களோ ஊசியும் எண்ணெயும் பட்டு வெடித்தவை. தடவின இடமெல்லாம் கோடு விழும்.

ஒரு மத்தியானம் என் பக்கம் திரும்பினார். “அம்மிணி, இதைக் கொஞ்சம் தடவித் தர்றியா?”

அடேயப்பா, இத்தனை வார்த்தையா! எழுந்துபோய்த் தடவினேன். பசை பிதுங்கியது. திருப்பூரில் அடுப்பைத் துடைக்க, சட்டி இறக்க, எல்லாவற்றுக்கும் பனியன் கம்பெனியில் மிஞ்சும் வெட்டுத்துணிதான். கை தானாக ஒரு துண்டை எடுத்துத் துடைத்துவிட்டது. பசை முழுக்கப் பஞ்சு.

“ஐயையோ, கெடுத்துட்டேனே!”

“ஏரோப்ளேனுக்கு மீசை மொளைச்சிருச்சு போ,” என்று சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

பிளேடால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பசை குழைத்தோம். முக்கின் இருபுறமும் டேப் ஒட்டி, அந்த முக்கு வாய்க்கால்போல மேலே பார்க்கும்படி விமானத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் விரலை ஸ்பிரிட்டில் நனைத்து, தொட்டும் தொடாமலும் இழுத்தேன். சில்லென்று இருந்தது. விரலைக் காகிதத்தில் துடைத்து, மறுபடி நனைத்து, மறுபடி ஒரு இழுப்பு. பசை இறுகுமுன் டேப்பை உரித்ததும் முக்கு வழவழவென்று வெயிலை வாங்கிக்கொண்டது. எனக்கே ஆசையாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பேசினார். சொரசொர முக்கில் காற்று எப்படிச் சிக்கும், வளைவில் எப்படி வழுக்கும் என்று சாயங்காலம் வரை. பாதி புரியவில்லை. பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன்.

அடுத்த ஞாயிறு காங்கேயம் ரோட்டில் ஒரு மேய்ச்சல் காட்டுக்குப் போனோம். நீள ரப்பர் கயிற்றில் மாட்டி இழுத்துவிட்டதும் விமானம் ஏறி, நிதானமாக வட்டம் போட்டது. காற்று, காய்ந்த புல் வாசம், தூரத்தில் மாட்டு மணி. நேரம் போவதே தெரியவில்லை.

மேலே பார்த்தபடியே அவர் சொன்னார்: “பொங்கலுக்குப் போனீன்னா நீ வரமாட்டியோன்னு பயமாக் கெடக்குது அம்மிணி.”

சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். எப்படித் தெரிந்தது? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“இதை வாயத் தொறந்து முன்னாலேயே சொன்னா முத்தா உதிர்ந்துரும்?”

“சொல்லத் தெரியலீங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“அப்போ நீங்களும் கூட வாங்க. மாப்பிள்ள ஊமையான்னு எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்கா. வந்து அவகிட்ட ரெண்டு வார்த்த பேசிக் காட்டுங்க.”