என் ரத்தத்தில் மூன்று மாத்திரைகள்

ரத்த அழுத்தக் கருவியின் பட்டை மூன்றாவது முறையாகக் கையை இறுக்கியது. நூற்று எண்பது. மூன்று வகை மாத்திரை தின்றும் ஆறு மாதமாக அது இறங்கவில்லை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். சின்னாளபட்டிச் சேலைகளை வண்டியில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்பவன். ஓர் ஊரில் இரண்டு நாள் இருப்புக் கொள்ளாது. அப்படிப்பட்டவன் மாத்திரையை மறப்பான் என்று எல்லோருமே முடிவு கட்டியிருந்தார்கள்.

"உண்மையச் சொல்லுங்கண்ணே, தெனமும் போடுறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

என் மனைவி செல்வி முந்திக்கொண்டாள். "இவரா? செருப்பவே பழனியில விட்டுட்டு வந்தவரும்மா."

சேலைப் பையில் சேர்த்து வைத்திருந்த காலி மாத்திரை அட்டைகளை மேசைமேல் கொட்டினேன்.

"அட்டை காலியானா வயித்துக்குள்ள போச்சுன்னு அர்த்தமாண்ணே?"

அவர் கேட்டது நியாயம்தான். நான் போடவில்லை என்றால் நான்காவது மாத்திரை எழுதி என்ன பயன்? போட்டும் இறங்கவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். தாமதித்தால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, கைகால் விழுந்துவிடலாம்.

"அப்ப என் ரத்தத்தையே கேளுங்க" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அப்படி ஒரு சோதனை உண்மையிலேயே இருந்தது.

அப்போதே ரத்தம் எடுத்தார்கள். குழாயை எந்திரத்தில் வைத்துச் சுழற்றியதும் சிவப்பு அடியில் தங்கியது. மேலே வெளிர்மஞ்சள் நீர் (பிளாஸ்மா) நின்றது. அதில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று வெளியூர் ஆய்வகத்தில் அளப்பார்களாம்.

பத்து நாள் தாடிக்கொம்பு, சேவுகம்பட்டி என்று சுற்றினேன். விற்பனையில் மனம் போகவில்லை.

முடிவு வந்ததும் கூப்பிட்டார்கள். "மூணுமே இருக்கு. இருக்க வேண்டிய அளவுல இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒங்களச் சந்தேகப்பட்டது தப்புதாண்ணே."

"ரொம்ப நெஞ்ச நிமித்தாதீங்க, பட்டன் தெறிச்சிரும்" என்றாள் செல்வி. அவள் கண் கலங்கியிருந்தது.

நான் சிரித்தபோது டாக்டரம்மா உற்றுப் பார்த்தார். "வாயில என்னண்ணே?"

"அதிமதுரம்மா. நாளெல்லாம் கூவணும்ல, தொண்டைக்கு."

"எம்புட்டு நாளா?"

"ஒரு வருசமா. தெனம் ஒரு வெரல் நீளம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேறு மருந்து சாப்பிடுகிறேனா என்று முன்பே கேட்டிருந்தார். அதிமதுர வேரை நான் மருந்தாக நினைக்கவில்லை. அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும், பொட்டாசியத்தை (தசைக்கும் இதயத்துக்கும் வேண்டிய தாது) வெளியேற்றிவிடும் என்றார். அன்றே ரத்தத்தைச் சோதித்ததில் பொட்டாசியம் குறைந்துதான் இருந்தது. சில மாதமாக ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்ததற்கும் அதுதான் காரணம். காலையில் விழுங்கிய மருந்தின் வேலையை நாளெல்லாம் நானே கெடுத்திருக்கிறேன்.

வேரை விட்டேன். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. ஒரு மாத்திரையை டாக்டரம்மாவே நிறுத்தினார்.

உங்களையும் சந்தேகித்தால் கோபப்படுங்கள், ஆனால் ரத்தம் எடுக்கக் கையை நீட்டுங்கள். வாயில் போடுவது எதையும் மறைக்காதீர்கள்.

இப்போது நான் கூவுவதில்லை. வண்டியில் மணி கட்டியிருக்கிறேன். காலை எட்டு மணிக்கு எந்த ஊரில் இருந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவேன். முன்பெல்லாம் எனக்கு நேரம் என்பது அடுத்த ஊர்தான். இப்போது மாத்திரையை விழுங்கிவிட்டு, அது அந்த மஞ்சள் நீரில் போய்ச் சேரும்வரை செத்த நேரம் நிற்கிறேன். யாரும் நம்பாதபோது எனக்காகப் பேசியது அந்த நீர்தான்.