பஞ்சுத்துண்டோடு போட்டி

அத்தான் வீட்டுக்குள் நுழையுமுன் உள்ளங்கை இரண்டையும் முகர்ந்து பார்ப்பார். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். நான் அக்கா வீட்டோடு வந்து தங்கிய நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். பவுடர், லோஷன் வாடை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அக்கா விடமாட்டாள்.

"இன்னிக்கு எந்த மாப்பிள்ளைய கொஞ்சிட்டு வந்தீங்க?"

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து மருந்து ஏற்ற ஆரம்பித்தபோது, ஊசியைக் கண்டாலே அவளுக்குப் பயம். அத்தானின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்வாள். நானும் பக்கத்தில்தான் நிற்பேன்; அந்தக் கை என் பக்கம் வந்ததில்லை. நகம் பதிந்த தடத்தை அத்தான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "பாருங்க, என்ன பிடி பிடிக்கிறா." குறை சொல்வது போலத்தான் சொல்வார். முகத்தில் பெருமை வழியும்.

பிறகு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் பிரிவுக்கு ஒரு நர்ஸம்மா புதிதாக வந்தார். லாவெண்டர் எண்ணெயைப் பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, அக்காவின் தோளருகே சேலையில் ஊக்கால் குத்திவைத்தார். "இது நோய்க்கு மருந்து இல்ல, மனசு பதறாம இருக்கத்தான். மெதுவா மூச்சு இழுங்க, மெதுவா விடுங்க." அக்காவின் பிடி தானாகத் தளர்ந்தது. அன்று மணிக்கட்டில் தடம் இல்லை. வீடு வரும்வரை அத்தான் அந்த இடத்தையே தடவிக்கொண்டு வந்தார்.

அதற்குப்பின் நர்ஸம்மாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ரெண்டு சொட்டு எண்ணெய். அதுக்கு உங்கக்கா என்னமா சிரிக்கிறா" என்று என்னிடம் பொருமினார்.

ஒருநாள் அதே எண்ணெயை வாங்கி, கை நிறையத் தேய்த்துக்கொண்டு வந்தார். அன்று மட்டும் வாசலில் கையை முகரவில்லை. நேராக அக்காவின் முகத்தருகே நீட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

"கிட்ட வராதீங்க. மருந்து ஏத்துற அந்த நாற்காலியே வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

சோப்பு கரையக் கரையக் கழுவினார். "அங்க மட்டும் இனிக்குது" என்றார், குழாயிடம்.

அடுத்த முறை போனபோது அக்கா இதைச் சொல்லிவிட்டாள். நர்ஸம்மா லாவெண்டரை விட்டு ஆரஞ்சு எண்ணெய்க்கு மாறினார். "இதையாவது வீட்டுக்குக் கொண்டுபோயிடாதீங்க சார்."

"அப்ப நான் எதுக்கு இங்க?" என்று எழுந்தார் அத்தான்.

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பஞ்சோட சண்டை போட முடியுமா? உக்காருங்க."

இன்னும் சில தடவை மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. பஞ்சு அக்காவின் வலது தோளில் இருக்கிறது, அத்தான் இடது பக்கம் உட்காருகிறார். நர்ஸம்மாவுக்கு அவர் இப்போதும் வணக்கம் சொல்வதில்லை.