வேணாம் அக்கா

அந்த ஊரில் போய் இறங்கிய முதல் நாளே அக்கா என் சோற்றில் மண்ணைப் போட்டாள்.

விமானத்தில் கொடுத்ததையெல்லாம் வாந்தியெடுத்து, வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன். நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்தது மாடி அறை. கீழே வீட்டுக்காரம்மா. நல்ல மனுஷி, வயதானவர். எங்கள் பெட்டிகளைப் பார்த்ததும் சமையலறைக் கதவைத் திறந்து, "களைச்சுப் போய் வந்திருக்கீங்க, சூடா டீயும் ரொட்டியும் தரட்டுமா?" என்று அவர்கள் பாஷையில் கேட்டார். உள்ளேயிருந்து ரொட்டி வேகிற வாசனை வேறு. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"வேணாங்க, வழியிலயே சாப்பிட்டோம்."

"அப்படியா, நல்லது. நல்லாத் தூங்குங்க." கதவைச் சாத்திவிட்டார்.

அக்கா நகரவில்லை. சிரித்த முகம் மாறாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா நிக்கிறீங்க?"

"இருடி. மறுபடி கூப்பிடுவாங்க."

சமையலறை விளக்கு அணைந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு, இரண்டு பெட்டிகளையும் நானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அன்று நாங்கள் சாப்பிட்டது கைப்பையில் நொறுங்கிக் கிடந்த பிஸ்கட்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. ஒரே உதவித்தொகையில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்திருந்தது. விமான நிலையத்தில்தான் முதல்முதலாகப் பார்த்துக்கொண்டோம். அவள் என்னைவிடப் பத்து வயது பெரியவள். பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். என் அப்பா அவளிடம் போய், "வாயாடிப் பொண்ணும்மா, நீதான் அக்கா மாதிரி பாத்துக்கணும்" என்றார். "நான் இருக்கேங்கப்பா, கவலைப்படாதீங்க" என்றாள் அவள். அன்றைக்கு எனக்கு அக்கா வந்தாள். வாயாடி என்கிற பட்டப்பெயரும் கூடவே வந்தது.

அவளுக்கு நான் வைத்த பெயர் வேணாம் அக்கா. மழையில் யாராவது குடை நீட்டினால் வேணாம். காரில் இறக்கிவிடுகிறேன் என்றால் வேணாம், பக்கத்துலதான். தொப்பலாக நனைந்து வந்து ஒரு வாரம் தும்முவாள். கேட்டால் அவள் அம்மாவைச் சொல்வாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், தட்டு வந்ததும் முதலில் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமாம். முதல் தடவை கேட்டால் வேணாம். இரண்டாவது தடவைக்கு, இல்ல, பரவாயில்ல. மூன்றாவது தடவையும் வற்புறுத்தினால், உங்களுக்காகக் கொஞ்சமா.

"கேட்டதும் கை நீட்டினா, வீட்ல சோறே போடலையான்னு நினைக்க மாட்டாங்களா?"

"எங்க வீட்ல ஆறு பிள்ளைங்கக்கா. வேணாம்னு சொன்னா அடுத்த தட்டுக்குப் போயிடும்."

அவளுக்கு இது புரியவே இல்லை. பாவம், ஒற்றைப் பிள்ளை.

அந்த அறையை நினைத்தால் இப்போதும் நெற்றி வலிக்கிறது. கூரை சரிந்து வரும். கட்டிலிலிருந்து வேகமாக எழுந்தால் மடேர். அடுப்பில் இரண்டு பர்னர், அதில் ஒன்று செத்தது. சூடேற்றும் குழாய் சுவருக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே இருக்கும். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே அக்கா வெங்காயம் நறுக்குவாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டைகள். குளிரில் அவை விறைத்துப்போய் அட்டை மாதிரி தொங்குவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். என்ன சிரிப்பு அது! இப்போது சொன்னால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வகுப்பிலிருந்து ஒருவன் சாப்பிட வருவான். அந்த ஊர்க்காரன். வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். அவனுக்கு நெட்டை என்று பெயர் வைத்திருந்தோம். அர்த்தம் சொல்லிக்கொடுத்த பிறகு அவனே போனில் "நெட்டை பேசறேன்" என்பான். முதல் ஞாயிறு அவன் "போதும்" என்றதும் அக்கா இன்னொரு கரண்டி வைத்தாள். மறுபடி போதும், மறுபடி கரண்டி. கண்ணில் தண்ணீர் வரத் தின்றுவிட்டு, போகிறபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை எப்படி நிறுத்தறது?" என்று கேட்டான். "தட்டைக் கையால மூடிக்கோ" என்று சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறும் டாணென்று வந்து நின்றான். தட்டை மூடவும் இல்லை.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அக்காவின் உதவித்தொகை ஒரே வருடத்துக்குத்தான். இரண்டாம் வருடமும் படிக்க வேண்டுமென்றால் அவள் துறையில் ஒரே ஒரு வழி இருந்தது. முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பாடம் நடத்துகிற வேலை. கிடைத்தால் கல்லூரிக் கட்டணம் கிடையாது. கிடைக்காவிட்டால் பாதிப் படிப்போடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பள்ளி வேலையும் போய்விட்டது. யாரை எடுப்பது என்பது புரொஃபசர் கையில் இருந்தது. அந்த வேலைக்கென்றே பிறந்தவள் அக்கா. எனக்கே வேதியியலைப் புரியவைத்தவள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர் குறைய ஆரம்பித்த ஒரு சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே படியேறி வந்தாள்.

"கேட்டுட்டாருடி! புரொஃபசர் கூப்பிட்டு, அடுத்த வருஷம் லேப் எடுக்கறியான்னு கேட்டுட்டாரு!"

நான் கட்டிலிலிருந்து குதித்தேன். மடேர். வலி தெரியவில்லை. "அப்பாடா! நீங்க என்ன சொன்னீங்க?"

"வேணாம் சார், என்னைவிடக் கெட்டிக்காரங்க எத்தனையோ பேர் இருக்காங்களேன்னு சொன்னேன்."

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அதுக்கு அவரு?"

"மனசு விட்டுச் சொன்னதுக்கு நன்றின்னாரு. எவ்வளவு மரியாதையான மனுஷன் பாரு!"

"அக்கா! அடி மக்கு அக்கா! அவரு முடிச்சுட்டாருக்கா!"

"போடி. மறுபடி கேப்பாரு."

அதிலிருந்து தினமும் இஸ்திரி போட்ட உடுப்போடு புரொஃபசர் அறை வாசலைக் கடந்து போய்விட்டு வருவாள். "இன்னிக்குக் கேட்டாரா?" "கேட்டாரு. குளிர் எப்படி இருக்குன்னு கேட்டாரு." நீங்களே போய்க் கேளுங்கள் என்று சண்டை போட்டேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். ஒரு நாள் கிளம்பிப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்னாச்சு?"

"ஏதோ எழுதிட்டிருந்தாருடி. தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்."

அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டிவிட்டார்கள். நெட்டையின் பெயர்.

அக்கா அவனுக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் அழைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அந்த வேலை எனக்கு எவ்வளவு வேணும்னு அவருக்குத் தெரியாதாடி?"

"சொன்னாத்தானேக்கா தெரியும்?"

"என் முகத்தப் பாத்தாத் தெரியாதா?"

அவ்வளவுதான், உடைந்து போனாள். திட்டலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டு நானும் அழுதேன். இனி அந்த அறையில் அவள் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்ற பயமும் அதில் சேர்ந்திருந்தது. சுவருக்குள் குழாய் தட்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெட்டை வந்தான். முகத்தில் சுரத்தே இல்லை. அக்கா அந்த வேலையை வேண்டாமென்று சொன்னதாகப் புரொஃபசர் சொல்லியிருந்தார், ஏன் என்றுதான் அவனுக்குப் புரியவில்லை. குனிந்த தலையோடு சாப்பிட்டான். தட்டு காலியானது. அக்கா கரண்டியோடு நின்றாள்.

"இன்னும் கொஞ்சம்?"

"வேணாம்" என்றான் அவன், சுத்தத் தமிழில்.

"சரி" என்றாள் அக்கா. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பு மேல் வைத்து மூடிவிட்டாள்.

நெட்டை காலித் தட்டையும் அக்கா முதுகையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் பக்கம் குனிந்து, "குழம்பு தீந்துடுச்சா?" என்று கேட்டான்.

"நீதானே வேணாம்னு சொன்னே?"

"அது முதல் வேணாம்தானே!"

அக்கா திரும்பினாள். அவள் முகம் போன போக்கைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. அந்த ஊர் வழக்கத்தை அவள் அந்த வாரம்தான் கற்றுக்கொண்டிருந்தாள். அவனோ எங்கள் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தான்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொந்தக்காரர் வீட்டுத் தட்டு, அம்மாவின் கண், மூன்று தடவைக் கணக்கு, எல்லாவற்றையும். அக்கா "சும்மா இருடி, சும்மா இருடி" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். நெட்டை கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"அப்போ புரொஃபசர்கிட்ட சொன்னது?"

"அதுவும் முதல் வேணாம்தான்" என்றேன்.

மறுநாள் காலையில் அவன் அக்காவை ஏறக்குறைய இழுத்துக்கொண்டே போனான். வாலாக நானும் போனேன். புரொஃபசர் மூன்று பேரையும் பார்த்துத் திகைத்தார்.

"நான்தான் கேட்டேனே? நீதானே வேண்டாம்னு சொன்னே?"

அக்கா தரையைப் பார்த்தாள். நெட்டை முழங்கையால் இடித்தான்.

"அது பதில் இல்ல சார்" என்றாள், தரையிடம். "எங்க வீட்ல அது ஆரம்பம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கொடுத்த வேலையைத் திரும்ப வாங்க முடியாது என்றார். நெட்டையும் விட்டுத்தருகிறேன் என்று சொல்லவில்லை, அவன் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? "சனிக்கிழமை வகுப்பு ஒண்ணு இருக்கு. பரீட்சையில தோத்த பிள்ளைங்களுக்கு. யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க. அதை எடுத்தாலும் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியதில்ல" என்று சொல்லி நிறுத்தினார். "உனக்கு வேணுமா?"

அக்காவின் உதடு பழக்க தோஷத்தில் அசைவதைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"வேணும்" என்றாள். பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டாள், அந்தக் கட்டிடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வகுப்பை ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். எல்லாத் தலையும் ஆடியது. மறுபடி கேட்டாள். மறுபடியும் ஆடியது. மூன்றாவது தடவை கேட்டபோது மூலையில் ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள். தோற்றவர்கள் வகுப்பு அந்த வருடம் மொத்தமாகப் பாஸாகிவிட்டது.

படிப்பு முடிந்து நான் ஊருக்கு வந்துவிட்டேன். கல்யாணம், வேலை, பிள்ளைகள். அக்கா அங்கேயே பாடம் நடத்திக்கொண்டு தங்கிவிட்டாள். வீட்டுக்காரம்மா காலமான பிறகு அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். வாரம் தவறாமல் பேசுவோம். போன வருடம் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில். வீடு ஓவென்று கிடக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன ஞாயிறு அக்கா கேட்டாள், "ஒரு ஆறு மாசம் இங்க வந்து என்கூட இரேன்டி."

"வேணாம்கா, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"சரிடி" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியாமே, சரி! இத்தனை வருடத்தில் சுத்தமாக அந்த ஊர்க்காரியாகவே மாறிவிட்டாளே! போனைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றேன். ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, வேணாம் என்று சொல்கிற புத்தி எங்கிருந்து வந்தது? அன்றைக்கு அந்தச் சமையலறைக் கதவுக்கு முன்னால் அவள் எப்படி நின்றாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

போன் அடித்தது.

"ஏய் வாயாடி, பால் பொங்கிடுச்சு, அதான் வெச்சுட்டேன். எங்க விட்டேன்? ஆங், ரெண்டாவது தடவை கேக்கறேன். வர்றியா?"

மூன்றாவது தடவைக்கு என்னால் காத்திருக்க முடியவில்லை.

"வரேன்கா" என்றேன்.