நிழல் வரிக்குத் தப்பி வந்த குலம்

எங்கள் குலக்கதை பொய்! கொடுங்கோல் பேரரசு ஒன்றிலிருந்து ஆமை முதுகேறித் தப்பி வந்தவர்கள் எங்கள் முன்னோர்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அதை இட்டுக்கட்டியவள் நான்தான். சிங்கப்பூரின் மார்சிலிங்கில் குடியிருக்கும் திலகா; பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலை பார்ப்பவள்.

என் அண்ணன் மகள் நிலாவின் நிச்சயதார்த்தத்தில்தான் அந்தப் பொய் பிறந்தது. லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடி. சாப்பாடு முடிந்து எல்லாரும் பாயசத்துக்கு வந்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரி, தங்கள் முப்பாட்டனார் அரண்மனையில் அதிகாரம் செய்த பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனம் கொண்டவரல்லர். பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவர், அவ்வளவுதான். பேச்சின் நடுவே அண்ணன் பக்கம் திரும்பினார்.

“சம்பந்தி, உங்க ஆளுங்க எப்படி சிங்கப்பூருக்கு வந்தாங்க?”

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எங்கப்பா செம்பவாங்ல...” என்று ஆரம்பித்தார்.

நான் குறுக்கே பாய்ந்தேன்!

எங்கள் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் துருச் சுரண்டியவர். அரண்மனைக்கு எதிரே துருவை வைப்பதா? என் நாக்கு என்னைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது.

“அது பெரிய கதைங்க! முன்னொரு காலத்துல ஒரு பேரரசு. அங்க நிழலுக்கு வரி!”

நிழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு வரி. லஞ்சம் கொடுத்தவனுக்கு உச்சி வெயிலில் அளப்பார்கள்; கொடுக்காதவனுக்கு மாலை வெயிலில். குள்ளர்கள்கூடப் பனைமர வரி கட்டி நொடிந்துபோனார்கள். அப்போது அலைமதி என்ற உப்பு விற்கும் பெண், அமாவாசை இருட்டில் ஊரையே கடற்கரைக்கு அழைத்துப்போனாள். இருட்டில் ஏது நிழல்? நிழல் இல்லாதவனைக் காவலர்கள் எப்படிப் பிடிப்பார்கள்? ஒரு மகா ஆமை அவர்களை முதுகில் சுமந்து, கடல் கடந்து இந்தத் தீவில் இறக்கிவிட்டது...

யாராவது சிரித்திருந்தால் நானும் சிரித்து, விளையாட்டு என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை! ராஜேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது.

“அடேயப்பா! எங்க ஆளுங்க ராஜாவுக்கு வேலை செஞ்சவங்க. நீங்க ராஜாவையே ஏமாத்தின வம்சமா!” என்றார்.

அண்ணன் பாயசத்தைக் குடித்து முடித்தார்.

அதன்பின் என் பொய்க்குக் கால் முளைத்தது. கல்யாண மேடையில் தெர்மகோல் ஆமை! நிலாவுக்குப் பெண் பிறந்தபோது என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? அலைமதி! பெயர் சூட்டும்போது குழந்தையின் காதில் அதை மூன்று முறை சொன்னவள் நான். மூன்று முறையும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு அடியில் ஏதோ ஒன்று முள்ளாய்க் குத்தியது... அது என்னவென்று அப்போது நான் தேடிப் பார்க்கவில்லை.

ஒருமுறை பிடிபடத்தான் இருந்தேன். அப்பாவின் சொந்த ஊரிலிருந்து வந்து, இங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கும், எனக்குத் தம்பி முறையான முருகேசன், அலைமதியின் பிறந்தநாளுக்கு வந்திருந்தான். நிலாவின் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பிரியாணி மணக்க, ராஜேஸ்வரி அவனைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நிழல் வரி ராஜா கதை உங்க ஊர்லயும் சொல்வாங்கதானே?”

முருகேசன் வாயிலிருந்த பிரியாணியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். என் முகத்தில் எல்லாமே எழுதியிருந்திருக்க வேண்டும்.

“சொல்லாம என்னங்க? ஆனா எங்க ஊர்ல அது ஆமை இல்ல. திமிங்கலம்!”

கூட்டமே ஆரவாரித்தது. ஆமையா திமிங்கலமா என்று கேக் வெட்டும்வரை ஒரே சண்டை!

பேருந்து நிறுத்தத்தில் அவனிடம் கேட்டேன். “ஏன்டா அப்படிச் சொன்ன?”

“அக்கா, ஊர்ல எங்க வீட்ல நான் ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கறதா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. நான் போய் உங்களைக் காட்டிக் குடுப்பேனா?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு பேருந்துகளை விட்டோம்.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள்... நானும் சிரித்தவள்தானே! ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்தது கதை கட்டியதை அல்ல.

அண்ணனின் மானத்தைக் காக்கத்தான் பேசினேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் பொய். அண்ணன் வெட்கப்படவே இல்லை! அப்பாவைப் பற்றிச் சொல்ல அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். வெட்கப்பட்டவள் நான். எங்களை வளர்த்த மனிதரை, ஒரு பாயசக் கிண்ணத்துக்கு முன்னால் நான் மறைத்தேன்.

போன மாதம் துணிந்து கேட்டேவிட்டேன். “அண்ணே, அன்னிக்கு அப்பாவப் பத்தி என்ன சொல்ல வந்தீங்க?”

“மறந்துட்டேன்லா... உன் கதைதான் நல்லா இருந்துச்சே!” என்று சிரித்தார்.

உண்மையாகவே மறந்துவிட்டாரா? என்னை மன்னித்துத்தான் அப்படிச் சொன்னாரா? அந்தச் சிரிப்பிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொரு முறை கேட்கவும் தைரியம் வரவில்லை.

நேற்று அலைமதி என் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஆறு வயது. எங்கள் அப்பாவின் அதே அகன்ற நெற்றி. இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “கண்ணு, உங்க தாத்தாவோட அப்பா இருக்காரே...”

“அத்தைப்பாட்டி, வெயிட்!” அவள் முகத்தில் நிஜமான பயம். “அந்த ராஜா நம்மளத் தேடி இங்க வந்துடுவானா?”

அப்பா என் தொண்டைவரை வந்து நின்றார்...

“வரமாட்டான்டா,” என்றேன். “அவனுக்கு நீச்சல் தெரியாது.”

அவள் கைதட்டிச் சிரித்தாள். நானும் சேர்ந்து கைதட்டினேன்.