பிணை நிற்க ஆளில்லாத ஒழுங்கை

காசு கட்டி வேலை செய்ய வருகிற மனுசரை இந்தக் கந்தோருக்கு வந்த பிறகுதான் ஹிதாயா கண்டாள். அவள் இருக்கும் தில்லையடிப் பிள்ளைகள் ஏஜென்சிக்குக் காசு கட்டிக் கட்டாருக்குப் போவது சம்பளம் எடுக்க. வெள்ளைக்காரப் பிள்ளைகளோ காசு கட்டிப் புத்தளத்துக்கு வந்து, சட்டத்தரணி மஸாஹிரின் இரண்டு அறைக் கந்தோரில் சம்பளமில்லாமல் பைல் தூக்கினார்கள். குற்றவியலும் சட்டமும் படிக்கிற பிள்ளைகளாம். எட்டு வாரம் இங்கே கோட்டுப் படி ஏறி இறங்கினால், திரும்பிப் போய் வேலை கேட்கும்போது அது பெரிய தகைமையாம். நம் ஊர் விளக்கமறியலுக்கு இப்படியும் ஒரு மவுசு.

அவர்களுக்கு மொழிபெயர்ப்பது ஹிதாயாவின் வேலை. வயது நாற்பத்தைந்து. பின்னேரங்களில் டியூட்டரியில் இங்கிலீசு படிப்பிப்பதால் அவளுடைய ஒழுங்கைக்கே அவள் டீச்சர். கல்யாணம் சரிவரவில்லை. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள். தம்பி நெய்னார் சண்டை முடிந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான மன்னாருக்கே திரும்பிவிட்டான். வருகிற வெள்ளைக்காரப் பிள்ளை தங்குவதும் அவளுடைய வீட்டில்தான். எட்டு வாரம் இரண்டு பிளேன்டீ, பிறகு ஒன்று. போன பிள்ளைகள் முதல் மாதம் எழுதுவார்கள், இரண்டாம் மாதம் ஒரு படம் அனுப்புவார்கள், அதோடு சரி. ஹிதாயா அவர்களைக் குறை சொல்லமாட்டாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டில் விரிப்பைத் தோய்க்கும்போது அழுதுவிடுவாள்.

2014 ஆனி மாதம் வந்தவள் க்ளேர். மற்றவர்கள் கொலைக் கேஸ் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இவள் கேட்டது வேறு. பிணை கிடைத்த பிறகும் ஆட்கள் ஏன் உள்ளேயே கிடக்கிறார்கள்? அதைத்தான் ஆய்வாக எழுதப் போகிறாளாம்.

மஸாஹிர் சேர் சிரித்துவிட்டு அஸ்காவின் பைலை எடுத்துக் கொடுத்தார்.

அஸ்காவுக்கு இருபத்தாறு வயது. மதுரங்குளியில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றவள். அங்கே ஒரு சங்கிலி காணாமல் போக, பழி இவள் தலையில் விழுந்தது. நீதவான் பிணை கொடுத்து ஏழு வாரம். உள்ளூர் வாக்காளர் இடாப்பில் பதிவுள்ள இரண்டு பேர் சரீரப் பிணை நிற்க வேண்டும், இரண்டு பேரும் கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம் கொண்டுவர வேண்டும். அவளுடைய தாய் ஹவ்வா உம்மா கடற்கரை வாடியொன்றில் கருவாடு காயப்போடுகிறவள்; அந்த வாடிக்காரர் சம்மதித்தார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. பதிவுள்ள புத்தளம் ஊர்க்காரர் "களவுக் கேஸா?" என்று கேட்டுவிட்டு நழுவினார்கள். தவணைக்குக் கொண்டுவந்த அன்று கூண்டுக் கம்பிக்குப் பின்னால் நின்ற அஸ்கா ஒன்றும் முறையிடவில்லை.

"டீச்சர், அடுத்த தரம் வரக்கொள்ள ஒரு சவுக்காரம் கொண்டாறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

க்ளேருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஹவ்வா உம்மாவும் ஹிதாயாவும் குடியிருக்கும் ஒழுங்கையில் வீடு வீடாக ஏறுவது என்று முடிவெடுத்தாள். ஹிதாயா பின்னால் போனாள்.

"எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?"

"தொண்ணூறுல வந்த. இருவத்திநாலு வருசம்."

"பதிவு எங்கே?"

"மன்னார்."

எல்லா வீட்டிலும் இதே கதைதான். தொண்ணூறில் புலிகள் மன்னார் முஸ்லிம்களைத் துரத்தியபோது உடுத்த உடுப்போடு வந்த சனம். ஓலைக் குடிசை கல்வீடாகி, பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கேயே கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பதிவை மட்டும் ஒருவரும் அசைக்கவில்லை. பதிவை வெட்டினால் ஊரோடு உள்ள பாத்தியதையே போய்விடும் என்ற பயம். அந்தப் பிடிவாதத்தால் இன்றைக்கு ஒரு பெண்ணை வெளியே எடுக்க ஆளில்லை.

கடைசி வீட்டுப் படியில் க்ளேர் கொப்பியை மூடாமல் திரும்பினாள். "ஹிதாயா, உங்களுடையது?"

"மன்னார்," என்றாள் ஹிதாயா.

க்ளேர் அதையும் மற்றப் பெயர்களின் கீழே பத்தொன்பதாவதாக எழுதிக்கொண்டாள். "மாற்ற முடியாதா?"

"அது லேசான வேலை இல்லை," என்று ஹிதாயா கதையை வெட்டினாள். கேட்டவள் விட்டுவிட்டாள். அவள் இன்னும் கொஞ்சம் நெருக்கியிருந்தால் நல்லாயிருக்கும் என்று ஹிதாயாவுக்குப் பிறகு பட்டது.

விசயம் இதுதான். மன்னாரில் வாப்பாவின் காணியில், நெய்னாரின் வீட்டை ஒட்டி, ஹிதாயாவுக்கு அரசாங்கம் ஒரு வீடு கட்டித் தரப் போகிறது. வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நெய்னார் தவறாமல் போன் எடுப்பான். "ராத்தா, வாற வருசம் அத்திவாரம். பதிவ மட்டும் அசைச்சிராதீங்க." அவனுடைய பிள்ளைகள் பின்னால் கத்துவது போனில் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துத் தூங்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை.

க்ளேர் கிளம்பும் நாளில் கந்தோரில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். மஸாஹிர் சேர் சான்றிதழ் கொடுத்தார். க்ளேர் தன் அறிக்கையை வாசிக்க, ஹிதாயா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள். முன்வரிசையில் ஹவ்வா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள்.

"அஸ்காவுக்குப் பிணை நிற்க அந்த ஒழுங்கையில் ஒருவரும் இல்லை."

"ஓம், அது உண்மதான்," என்று ஹவ்வா உம்மா தலையாட்டினாள்.

ஹிதாயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எத்தனையோ பேருடைய பொய்யை அவள் முகம் மாறாமல் மொழிபெயர்த்திருக்கிறாள். இது அவளுடைய பொய்; பதிவை மாற்ற மனம் வைத்திருந்தால் அவளே பிணை நின்றிருக்கலாம். அடுத்த வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டாள். க்ளேர் அதைப் பிரிவுத் துயரம் என்று எடுத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தாள்.

கொழும்பு பஸ்ஸில் க்ளேரை ஏற்றிவிட்ட அடுத்த நாள் காலையில் ஹிதாயா கிராம அலுவலரிடம் போனாள். அந்த வருசத்து வாக்காளர் படிவங்கள் அவருடைய மேசையில்தான் இருந்தன.

"நல்லா யோசிச்சீங்களா டீச்சர்? இங்க பதிஞ்சா அங்க வெட்டுப்படும்."

"வெட்டுப்படட்டும்."

வதிவிடக் கடிதம் கைக்கு வர மூன்று வாரம் எடுத்தது. ஹிதாயா இரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டு அஸ்கா வெளியே வந்த அன்று தாயும் மகளும் கோட்டு வாசலில் கட்டிப்பிடித்து அழுதார்கள். சேரிடம் ஹிதாயா முன்னமே கேட்டுக்கொண்டாள், பதிவை மாற்றியதை அவர்களிடம் சொல்ல வேண்டாமென்று. ஹவ்வா உம்மா, இங்கிலீசு தெரிந்த டீச்சர் கந்தோரில் கதைத்து எப்படியோ காகிதம் எடுத்துவிட்டாள் என்று ஒழுங்கை முழுக்கப் புகழ்ந்து திரிந்தாள்.

ஹிதாயா க்ளேருக்கு எழுதினாள். யார் நின்றது என்று கேட்டுப் பதில் வந்தது. ஒருவர் கிடைத்தார் என்று எழுதினாள். அறிக்கையைக் கையளித்துவிட்டேன், இனித் திருத்த முடியாது என்று க்ளேர் வருத்தப்பட்டிருந்தாள். அதுதான் அவளிடமிருந்து வந்த கடைசிக் கடிதம்.

நெய்னாருக்கு விசயம் பட்டியல் வழியாகத்தான் போனது. ஏன் என்று அவன் கேட்க, ஹிதாயா உள்ளதைச் சொன்னாள்.

"உங்கட பேர வெட்டிட்டு வேற ஆளப் போட்டுட்டாங்க. ஆரோ ஒரு கள்ளிக்காக வாப்பாட ஊர விட்டுட்டீங்களே ராத்தா."

"அவ கள்ளி இல்லடா."

போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அது அடிக்கவில்லை.

தை மாதம் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் அந்த ஒழுங்கைக்குப் பெருநாள் மாதிரி. சுபஹுத் தொழுகை முடியப் பஸ்கள் வந்து நிற்கும், சனம் சோத்துப் பார்சலோடு ஏறி மன்னாருக்குப் போய் வோட்டுப் போட்டுவிட்டு வரும். ஹிதாயா கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹவ்வா உம்மா பஸ் யன்னலால் தலையை நீட்டினாள். "என்ன டீச்சர், இன்னும் வெளிக்கிடல்லியா? அஸ்கா உங்களுக்கு சீட் புடிச்சி வெச்சிருக்கா, ஓடி வாங்க!"

"எனக்கு உடம்புக்குச் சரியில்ல. நீங்க போங்க."

"அல்லாவே! அப்ப ஊருக்குச் சலாம் சொல்றோம்," என்று அஸ்கா கையாட்டினாள்.

பஸ்கள் போனபின் ஒழுங்கையில் கோழிகள் மட்டும் நின்றன. ஹிதாயா அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வரிசையில் அவளுக்கு முகம் தெரிந்தவர் ஒருவருமில்லை. அவளுடைய முறை வந்ததும் அதிகாரி அவளுடைய பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசித்தார். சுவரோரம் இருந்த கட்சி முகவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"ஆரு இவ?"

"தெரியா. ஊருக்குப் புதுசா வந்தவ போல."

ஹிதாயா மை பூச இடது கைச் சின்னவிரலை நீட்டினாள்.