வளையல் போடும் கை

வளவனூரில் வளையல் விற்கும் தையல்நாயகிக்கு இரண்டு கையிலும் சோரியாசிஸ். தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும். களிம்பு தடவினால் அடங்கும், பிறகு திரும்பவும் வரும். அதற்காக அவள் கையை மூடிக்கொண்டு திரிந்ததில்லை.

ஒலக்கூரில் ஒரு வளைகாப்பு. கர்ப்பிணியின் மாமியார் ரப்பர் கையுறையை நீட்டினாள்.

“இத மாட்டிக்கினு போடும்மா. பொண்ணுக்கு ஒட்டிக்கப் போவுது.”

“இது ஒட்டாதுங்க. ஒரே பாயில படுக்கிற எம் புருஷனுக்கே ஒட்டல. உறை போட்டா பிடி வழுக்கி வளையல் ஒடையும். அப்போ அபசகுனம்னு யாரத் திட்டுவீங்க?” என்றாள் தையல்நாயகி.

கர்ப்பிணி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். ஒன்றுகூட உடையவில்லை.

வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் போடுவது வழக்கம். கடைசியில் மாமியாரும் வந்து உட்கார்ந்தாள். தையல்நாயகி அந்தக் கையுறையை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

“நீங்க மாட்டிக்கினு கைய நீட்டுங்க.”