எட்டாம் நிலைக்கு ஒரு ஞாயிறு

பம்ப் ஆபரேட்டர் இறந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. குடிநீர் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்திருந்தார். விமானத்திலிருந்து பத்து முறை குதித்திருந்தார். பத்து முறையும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். ஒரு தடவையாவது தனியாகக் குதித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அது நடக்கவில்லை.

நடக்காமல் போனதில் அவர் மகளுக்கும் பங்கு உண்டு.

ஆரம்பித்து வைத்ததும் அவள்தான். அவருடைய ஐம்பத்து நான்காவது பிறந்தநாளுக்குச் சட்டை எடுக்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கி, இருக்கிற சட்டைகளையே அவர் போடுவதில்லை என்பது நினைவு வந்து, பாராசூட் மைதானத்தில் ஒரு குதிப்புக்குச் சீட்டு வாங்கினாள். பயிற்சியாளரின் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பது. குழந்தையைத் தூளியில் கட்டிய மாதிரி இருந்தது என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். இறங்கிய ஆபரேட்டர் சிரிக்கவில்லை. புல்லில் உட்கார்ந்து காதைத் தேய்த்துக்கொண்டார்.

"காது அடைச்சிருக்காப்பா?"

"இல்லம்மா. குடை விரிஞ்சதும் அங்க எதுவுமே ஓடல."

பம்ப் ஹாலில் நான்கு பம்புகள். மூன்று எப்போதும் ஓடும், ஒன்று மாற்றுக்கு நிற்கும். உள்ளே பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். வீட்டிலும் அவர் கத்தித்தான் பேசுவார். உப்பு கேட்டால் சண்டைக்கு வருவது போல இருக்கும். சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளப்பது மகளின் வேலை. அவள் கருவி வைத்து எழுதும் எண்ணை அவர் பேரிங் மேல் உள்ளங்கையை வைத்தே ஏறக்குறையச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஐந்து நிமிடம் எதுவும் ஓடாத ஓர் இடத்தில் தொங்கிவிட்டு வந்திருந்தார். அடுத்த வாரமே மாணவராகப் பெயர் கொடுத்தார்.

"மேல போறதுக்கு என்ன அவசரம்? கூப்பிடும்போது போனா போதாதா?" என்றாள் மனைவி.

"போய் வழி பாத்துட்டு வரேன்."

"இந்தப் பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல."

பயிற்சியில் எட்டு நிலைகள். ஏழு நிலை வரை கோச் கூடவே குதிப்பாள், காற்றில் பக்கத்திலேயே மிதப்பாள், கையால் சைகை காட்டித் திருத்துவாள். எட்டாவதில் கோச் விமானத்தோடு நின்றுவிடுவாள். கதவைத் தாண்டுவது, உயரத்தைப் பார்ப்பது, கைப்பிடியை இழுப்பது எல்லாம் மாணவர் பாடு. இரண்டு விதிகள் இருந்தன. காற்று மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் மாணவர்கள் தரையில்தான். ஒரு குதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் முப்பது நாள் கடந்தால் கடைசியாக முடித்த நிலையைத் திரும்பக் கோச்சோடு செய்ய வேண்டும்.

மைதானத்தின் விமானம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அவர்களுக்குக் கிடைக்கும். மற்ற நாட்களில் நில அளவைக்குப் போய்விடும். ஆபரேட்டருக்கோ எட்டு நாளுக்கு ஒரு ஓய்வு. அது ஞாயிற்றில் வந்து விழ எட்டு வாரம் ஆகும். மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பார்த்தார். "தண்ணிக்கு ஏதுங்க ஞாயித்துக்கிழமை?" என்றார் அவர், ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல். அந்த வருடத்து விடுமுறை மனைவியின் முழங்கால் அறுவைக்கே சரியாகப் போயிருந்தது. ஆக, ஷிப்ட் மாற்றிக்கொள்வதுதான் மிச்சம்.

ஞாயிறை விட்டுக்கொடுக்க ஒரே ஒருவர் இருந்தார். ஆபரேட்டர் முடிக்கும்போது பொறுப்பை வாங்கிக்கொள்ளும் ரிலீவர். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பதிலுக்குக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"என்ன குடைக்காரரே, இந்த வாரமும் குப்புற விழப்போறீங்களா?"

"இந்த வாரம் மல்லாக்க."

"சரி சரி. சனி ராத்திரி நீங்க பாத்துருங்க. ஞாயிறு நான் பாத்துக்கறேன்."

சனி இரவு பத்து மணிக்கு உள்ளே போவார். காலை ஆறு மணிக்கு வெளி வாசலில் மகள் காரோடு நிற்பாள். இரண்டு மணி நேரப் பயணம். அவர் காரில் தூங்க மாட்டார். நிலைக்கான படிகளை விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வருவார்: கதவு, வளைவு, உயரம், உயரம், கை, இழு. பம்ப் ஹாலில் கத்துகிற அதே குரலில். அப்படியே ஏழு நிலைகளும் ஐந்தாறு மாதத்தில் முடிந்தன. பாதி ஞாயிறுகள் காற்றிலும் மழையிலும் போயின. ஏழாவதை முடித்த கையோடு நாற்பத்திரண்டு நாள் இடைவெளி விழுந்து, அதை இன்னொரு முறை செய்தார். "ஏழாம் வகுப்புல ஃபெயிலானவன் ஊர்ல நான் ஒருத்தன்தான்" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

எட்டாவதுக்கு என்று அவர் போன ஞாயிறில் காற்று ஒன்பது கிலோமீட்டர். அப்படி ஒரு நாளை மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை. கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த ஆரஞ்சுத் துணிக்குழல் துவண்டு தொங்கியது.

கோச் எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டாள். "சாப்பிட்டீங்களா? மாத்திரை ஏதாவது? ராத்திரி தூங்கினீங்களா?" அவருக்குப் பதினைந்து வயது இளையவள், அவரை அண்ணே என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார்.

"ஏழு மணி நேரம் டீச்சர். அடிச்சுப் போட்ட மாதிரி."

மகள் பக்கத்தில்தான் நின்றாள். எதுவும் பேசவில்லை.

விமானத்தில் ஏழு பேர் ஏறினார்கள். கோச் குதிக்கப் போவதில்லை, கதவருகே உட்காரத்தான் ஏறினாள். மற்ற ஆறில் ஒருவர் ஆபரேட்டர். மேலே போய்ச் சேர இருபது நிமிடம். மகள் வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்தாள். எஞ்சின் சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் பாராசூட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்தன. எண்ணினாள். ஐந்து. மாணவர்களுடையது மஞ்சள், மற்றவற்றைவிடப் பெரியது. மஞ்சள் இல்லை. திரும்ப எண்ணினாள். ஐந்து. இழுக்காவிட்டாலும் தானே திறக்கும் கருவி முதுகுப்பையில் இருக்கிறது, எந்த உயரத்தில் திறக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த உயரத்தைக் கடக்க வேண்டிய நேரம் போயிற்று. மூன்றாம் முறை எண்ணுவதற்கு அவளுக்குக் கழுத்து நிமிரவில்லை.

விமானமும் இறங்கவில்லை. வழக்கமாகக் குதிப்பவர்களுக்கு முன்னால் அது தரைக்கு வந்துவிடும். அன்று சுற்றிச் சுற்றி, படிப்படியாக, சுமை தூக்கியவன் மாடிப்படி இறங்குவது போல வந்தது. அப்போது அவளுக்குப் புரிந்தது. அந்தக் கருவி வேகத்தைப் பார்ப்பது. விமானம் விரைந்து இறங்கினால் மாணவர் விழுகிறார் என்று நினைத்து விமானத்துக்குள்ளேயே பாராசூட்டைத் திறந்துவிடும். மாணவர் உள்ளே இருப்பதால்தான் மெதுவாக வருகிறது.

கதவு வழியாக ஆபரேட்டர் இறங்கினார். கன்னத்தில் ஹெல்மெட் வாரின் தடம் சிவப்பாக ஒரு கோடு.

"இவரை முட்டையை இறக்கற மாதிரி இறக்கியிருக்கேன்" என்று விமானி பொதுவாக எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னாச்சுப்பா?"

"கண்ணு கொஞ்சம் அசந்துட்டுதும்மா."

இறங்கி வந்த மற்றவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். "நாங்க பத்து வருஷமா குதிக்கறோம், இன்னும் கதவைத் திறந்தா வயித்தைக் கலக்குது. இவர் என்னடான்னா குறட்டை விடறாரு!" என்றான் ஒருவன். ஆபரேட்டரும் கூடச் சிரித்தார்.

கோச் சிரிக்கவில்லை. அவரை ஓரமாகக் கூட்டிப்போனாள். மகளும் போனாள்.

"அண்ணே, நான் உங்களைத் தட்டி எழுப்பினதும் என்ன பண்ணீங்க, ஞாபகம் இருக்கா?"

"முழிச்சேன்."

"கைப்பிடியை இழுக்கப் போனீங்க. கதவு திறந்திருக்கு, உள்ள ஏழு பேர், பைலட்டோட எட்டு. நான் மணிக்கட்டைப் பிடிக்கலேன்னா குடைத் துணி வெளிய போய் விமானத்து வாலைச் சுத்தியிருக்கும். நீங்க மட்டும் போயிருக்க மாட்டீங்க."

அவர் தன் வலது கையைப் பார்த்தார், வேறு யாருடைய கையோ போல.

கோச் மகளின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. ராத்திரி தூங்கினாரா?"

அப்பா மகளைப் பார்த்தார். கெஞ்சவில்லை. பம்பின் மேல் கை வைத்துக் காத்திருக்கும்போது இருக்கிற முகம்தான் அது.

"இல்ல. நைட் ஷிப்ட். அங்கிருந்து நேரா வந்தார்."

"இன்னைக்கு மட்டுமா?"

இந்தக் கேள்விக்கு அவள் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அளந்ததை அளந்தபடி எழுதித்தான் அவளுக்குப் பழக்கம்.

"எல்லா தடவையும்."

கோச் கோபப்படாமல் சொன்னாள். இனி நைட் ஷிப்ட் முடிந்து இருபத்திநான்கு மணி நேரம் ஆகாமல் விமானத்தில் ஏற்ற மாட்டாள். வரும்போதெல்லாம் ஷிப்ட் அட்டவணையைக் காட்ட வேண்டும்.

திரும்பும் வழியில் அவர் விரல் விட்டு எண்ணவில்லை. பாதி தூரம் போன பிறகு சொன்னார்:

"நீ சொன்னது சரிதாம்மா."

"அப்பா..."

"சரின்னுதான் சொல்றேன்."

வீட்டில் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் முகம் தெளிந்தது. "புண்ணியவதி அந்தக் கோச். எம் பொண்ணுக்கும் இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று அன்று ஒரு டம்ளர் காபி அதிகமாகவே போட்டாள்.

மகள் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு அப்படிப் பார்த்தால்தான் ஒன்று விளங்கும். தூங்கி எழுந்து போக முடிகிற ஞாயிறு ஐம்பத்தாறு நாளுக்கு ஒன்று. விதி முப்பது நாள். அப்படியானால் ஒவ்வொரு முறையும் ஏழாவதை முதலில் திரும்பச் செய்ய வேண்டும். அதே நாளில், காற்று இருபத்திரண்டுக்குள் நின்றால், எட்டாவது. ஒரே நாளில் இரண்டு. இல்லையென்றால் மீண்டும் ஐம்பத்தாறு. காகிதத்தை அவரிடம் காட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஒரு நாள் முழுக்க காத்து அடங்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"கேக்கறதுக்குச் சின்ன விஷயம் மாதிரிதான் இருக்கு."

முப்பத்தைந்து நாள் கழித்து அந்த ஞாயிறு வந்தது. முந்தின நாள் பகல் ஷிப்ட். இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார். காலையில் சவரம் செய்துகொண்டு, அட்டவணையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். எட்டரைக்குக் காற்று பதினான்கு. கோச்சோடு ஏழாவதைச் செய்தார். காலை மடக்கி இறங்கியவர் விழாமல் இரண்டு எட்டு ஓடி நின்றார். "அண்ணே, தூங்கினா எவ்வளவு நல்லா பண்றீங்க பாருங்க!" என்றாள் கோச். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

பத்து மணிக்குப் பத்தொன்பது. பத்தேகாலுக்கு இருபத்து நான்கு. பலகையில் எண் மாற மாற அவர் அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உரிமம் உள்ளவர்களுக்கு அந்தக் காற்று ஒன்றும் இல்லை. விமானம் ஏறி ஏறி இறங்கியது. மதியம் மகள் ரொட்டி வாங்கிவந்தாள். கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு நாய்க்குப் போட்டார். நான்கு மணிக்கு இருபத்தெட்டு. ஐந்தரைக்கு இருபத்தொன்று.

"அண்ணே, மாட்டிக்குங்க!" என்று கோச் ஓடிவந்தாள். முதுகுப்பையை மாட்டினார், தொடைப் பட்டைகளை இறுக்கினாள், கருவியின் விளக்கைச் சரிபார்த்தாள். வரிசையில் நின்றார். கடைசி விமானம். அவருக்கு முன்னால் மூன்று பேர் ஏறிவிட்டார்கள். கோச் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். இருபத்தைந்து.

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா டீச்சர்?"

"வெளிச்சம் இல்லண்ணே."

அவரே விலகி நின்றார். பின்னால் இருந்த பெண் "சாரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

காரில், "அடுத்தது எப்போம்மா?" என்றார்.

"அம்பத்தாறு நாள்."

"ம்."

பத்தொன்பதாம் நாள் காலை ஷிப்ட் முடித்து இரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது. தூங்கட்டும் என்று விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் கையைத் தொட்டாள்.

இதயம் என்றார் மருத்துவர். இரவு வேலை காரணமாக இருக்குமா என்று மகள் கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். மேலே இருக்கும்போது இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டாள். அதற்கும் அதே பதில். கூட்டிப் பார்க்க அவர் எந்த எண்ணும் தரவில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மாவும் மகளும் அவருடைய அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். சீருடைச் சட்டைகள் நான்கு, பிரிக்காத சட்டைகள் ஆறு. அம்மா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள்.

"அன்னைக்குக் காத்து ரொம்பக் கம்மின்னு சொன்னாரே. அவர் தூங்கிப்போன அன்னைக்கு."

"ஒன்பது."

"ராத்திரி தூங்கினார்னு நீ சொல்லியிருந்தா, அந்தக் கோச் அடுத்த வாரம் விட்டிருப்பாளா?"

மகள் யோசித்தாள். முப்பது நாளுக்கு அன்று இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அடுத்த ஞாயிறு காற்று பன்னிரண்டு. அதையும் அவள் பிறகு பார்த்து வைத்திருந்தாள்.

"விட்டிருப்பா."

"குதிச்சிருப்பாரா?"

"குதிச்சிருப்பார்."

"நல்லபடியா இறங்கியிருப்பாரா?"

"தெரியலம்மா. தூங்காமதான் போயிருப்பார்."

அம்மா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். மேல் பொத்தானுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"ஒரு வார்த்தைதானேடி" என்றாள்.

மகள் அடுத்த சட்டையை எடுத்தாள்.